சாமுவேல் கை வைத்த இடம்

பேட்மிண்டன் மட்டையின் பிடியை எங்கே பிடிக்க வேண்டும் என்று இரண்டு பக்கம் எழுதித் தரும்படி எங்கள் கிளப் இளைஞர்கள் கேட்டார்கள். ஆண்டு மலரில் போடுவதற்காம். இரும்புத் தண்டு வைத்த மட்டைகள் வந்தபின் பிடி மெலிந்துவிட்டது, புதிதாக ஆட வருகிறவர்களின் கை ஓரிடத்தில் நிற்பதில்லை என்பது அவர்கள் குறை. நான் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் மட்டை பழுது பார்க்கும் கடையில் வேலைக்குச் சேர்ந்து, பிறகு அதே தொழிலைச் சொந்தமாகச் செய்து, கண் மங்கியதும் விட்டவன். அதனால் என்னிடம் வந்தார்கள்.

அவர்கள் கேட்டதற்குப் பதில் மூன்று வரிக்கு மேல் இல்லை. பிடியின் அடியில் பிடித்தால் எட்டம் கிடைக்கும், வீச்சில் வேகம் இருக்கும். மேலே, தண்டுக்குப் பக்கத்தில் பிடித்தால் மணிக்கட்டு சீக்கிரம் திரும்பும், வலையோரம் நிற்கிறவனுக்கு அது நல்லது. எங்கே பிடித்தாலும் இறுக்கிப் பிடிக்கக்கூடாது. இதை எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆனால் ‘மேலே’ என்று எழுதும்போது பேனா சற்று நின்றது. மலருக்கு ஒவ்வாத ஒரு விஷயம் அந்தச் சொல்லோடு எனக்கு ஒட்டியிருக்கிறது. அதைத்தான் இங்கே தனியாக எழுதுகிறேன்.

நான் செந்தூலில் பிறந்தவன். அப்பா ரயில்வே பட்டறையில் தச்சர். நானும் அங்கே சில காலம் இழைப்புளி தள்ளினேன். ஆட்குறைப்பு வந்தபோது வெளியே அனுப்பப்பட்டவர்களில் நானும் ஒருவன். அப்போது எனக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவில் தங்கவேலு என்பவர் விளையாட்டுச் சாமான் கடை வைத்திருந்தார். முதலாளியைச் சீனர்கள் கூப்பிடுவதுபோல நாங்கள் எல்லாரும் அவரைத் தவ்கே என்றுதான் கூப்பிடுவோம். உடைந்த மட்டைச் சட்டத்தை ஒட்ட ஒரு தச்சன் வேண்டும் என்று அவர் சொன்னதாகக் கேள்விப்பட்டுப் போனேன். சட்டம் ஒட்டினேன், பிறகு மட்டையில் நரம்பு கட்டக் கற்றேன், கடைசியாகப் பிடிக்குத் தோல் சுற்றக் கற்றேன். கடைசியில் கற்றதுதான் கடினமானது.

அந்த நாளில் கோலாலம்பூர் முழுக்க பேட்மிண்டன் பித்து. தெருவுக்குத் தெரு ஒரு கோஷ்டி. அதைப் ‘பார்ட்டி’ என்பார்கள். மரத்தடியில் தரையைக் கெட்டித்து, சுண்ணாம்பால் கோடு போட்டு, வலையைக் கட்டிவிட்டால் அதுதான் ஆடுகளம். ஆபீஸ் குமாஸ்தாக்களான கிராணிமார், வாத்தியார்மார், சீனக் கடைக்காரர்கள், போலீஸ்காரர்கள் எல்லாரும் வேலை விட்டதும் அங்கேதான் இருப்பார்கள். அத்தனை பேர் மட்டையும் எங்கள் கடைக்கு வரும்.

தவ்கே அதிகம் பேசமாட்டார். பிடி கட்ட வருகிறவரிடம் “எங்க பிடிப்பீங்க?” என்று அவர் கேட்டு நான் பார்த்ததில்லை. கேட்டால் எல்லாரும் எங்கே பிடிக்க வேண்டுமோ அதைத்தான் சொல்வார்கள், எங்கே பிடிக்கிறார்களோ அதைச் சொல்லமாட்டார்கள் என்பார். பழைய தோலை உரித்த கட்டைமேல் வெள்ளைத் துணி நாடாவைச் சுற்றுவார். தச்சர்கள் நூல் அடிக்கும் நீலப்பொடியை ஒரு கிண்ணத்தில் வைத்திருப்பார். வந்தவரின் உள்ளங்கையில் அதைத் தடவி, மட்டையைக் கையில் கொடுத்து, கடைக்கு வெளியே அஞ்சடி நடைபாதையில் நின்று சும்மா வீசச் சொல்வார். வீசும்போது வேறு ஏதாவது பேச்சுக் கொடுப்பார். மழையைப் பற்றி, மீன் விலையைப் பற்றி. மட்டையைத் திரும்ப வாங்கினால் நாடாவில் கை அப்படியே பதிந்திருக்கும். சுண்டு விரல் எங்கே நின்றது, கட்டை விரல் எந்தப் பட்டையில் படுத்தது, எங்கே அழுத்தம், எங்கே வெற்றிடம், எல்லாம் தெரியும். கிள்ளானிலிருந்து ஒரு மரக்கடைக்காரர் வருவார். கோடரியைப் பிடிப்பதுபோல முஷ்டி போட்டுப் பிடிப்பார். அவர் நாடா முழுக்க ஒரே நீலமாக இருக்கும். தவ்கே அதை அவரிடமே காட்டி, “இதுல உங்க விரல் எதுன்னு நீங்களே சொல்லுங்க” என்றார். மனிதர் சிரித்துக்கொண்டே விரலைத் தளர்த்தக் கற்றார்.

அடுத்தது தோல். ஊறவைத்து, ஓரங்களைக் கண்ணாடித் துண்டால் மெல்லியதாகச் சுரண்டி, அடியில் ஒரு சின்ன ஆணி அடித்து, வஜ்ஜிரப் பசை தடவிக்கொண்டே மேல்நோக்கிச் சுற்ற வேண்டும். ஒரு சுற்றின் ஓரம் அடுத்ததன்மேல் நகத்தளவு ஏறவேண்டும். வலக்கைக்காரருக்கு ஒரு திசை, இடக்கைக்காரருக்கு எதிர்த்திசை. வீசும்போது கை லேசாக முறுகும். சரியான திசையில் சுற்றியிருந்தால் ஒவ்வொரு வீச்சும் தோலை இறுக்கும். தவறான திசையில் இருந்தால் ஒவ்வொரு வீச்சும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்க்கும். இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கடைக்கு வந்தவர்களில் இடக்கைக்காரர்கள் குறைவு. அவர்களில் சாமுவேல் கிராணி ஒருவர். ரயில்வே ஆபீசில் வேலை. கடைக்குப் பின்னால் இருந்த குவார்ட்டர்ஸில் மனைவி கிரேஸோடும் தம்பி தானியேலோடும் குடியிருந்தார். அவர்கள் பார்ட்டியில் இரட்டையர் ஆட்டத்துக்கு முன்வரிசையில் நிற்பவர் அவர்தான். பிடியின் அடிப்பகுதியே அவருக்குத் தேவையில்லை. கை தண்டையொட்டி மேலே இருக்கும், அடியில் நாலு விரல் அகலத்துக்குக் கட்டை வெறுமனே நீட்டிக்கொண்டிருக்கும். பந்தை அவர் அடிப்பதே தெரியாது. நரம்பு ‘டக்’ என்று ஒரு சின்னச் சத்தம் போடும், பந்து வலைக்கு அந்தப் பக்கம் விழுந்திருக்கும். நல்ல சிரிப்புக்காரர். என் பெயரைச் சொல்லி ஒருநாளும் கூப்பிட்டதில்லை. “என்ன செந்தூல், நரம்பு தளர்ந்துடுச்சே” என்றுதான் உள்ளே வருவார். என்னை அப்படிக் கூப்பிட்டவர் அவர் ஒருவர்தான்.

ஆபீஸ் வேலையாக ஏதோ ஒரு காட்டுப்பக்கத்து ஸ்டேஷனுக்குப் போய்வந்தவர் காய்ச்சலில் படுத்தார். ஒரு வாரத்துக்குள் போய்விட்டார். அடக்கத்துக்குக் கடையைச் சாத்திவிட்டு நாங்கள் இருவரும் போயிருந்தோம். கிரேஸ் அழவில்லை. யார் பேசுகிறார்களோ அவர்கள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கொஞ்ச காலம் கழித்து தானியேல் அண்ணனுடைய மட்டையைக் கொண்டுவந்தார். அவரும் கிராணிதான், வேறு ஆபீஸ். அண்ணனைவிட உயரம், வலக்கைக்காரர். அடிக்கட்டையில் சுண்டுவிரலை மடக்கிப் பிடித்து, பின்வரிசையில் நின்று ஓங்கி அடிக்கிறவர்.

“அண்ணே, என் மட்டை சட்டம் விரிஞ்சு போச்சு. இனிமே இதையே வச்சு ஆடலாம்னு பாக்கிறேன். பிடியை என் கைக்கு மாத்திக் குடுங்க” என்றார் என்னிடம்.

தவ்கே புதுத் தோல் போடலாம் என்றார். தானியேல் ஒப்புக்கொள்ளவில்லை. “தோல் அதுவே இருக்கட்டும். அண்ணன் வேர்வை அதுல இருக்கு” என்றார். பழைய தோலையே உரித்து, வலக்கைத் திசையில் திருப்பிச் சுற்றிக் கொடுத்தேன். வஜ்ஜிரம் காய்ந்தபின் இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை.

அந்த வாரக் கடைசியில் மட்டை திரும்பி வந்தது. தோல் மேலிருந்து கீழ்வரை தொளதொளத்துத் தொங்கியது. என் வேலையில் குறை என்று நினைத்து வெட்கத்தோடு மறுபடி சுற்றினேன். இந்த முறை தவ்கேயே ஆணியடித்தார். மறுபடி வந்தது. அப்போது தானியேல் ஆடுகளத்திலிருந்து நேராகக் கடைக்கு வந்திருந்தார். சட்டை நனைந்திருந்தது. பிடியை வாங்கிப் பார்த்தேன். கீழ்ப்பாதி காய்ந்து கிடந்தது. மேல்பாதி பிழிந்தால் சொட்டும்போல ஈரம்.

“எங்க பிடிச்சு ஆடுனீங்க?” என்று கேட்டுவிட்டேன். கடையில் கேட்கக்கூடாத கேள்வி.

“கீழதான் பிடிக்கிறேன்ணே. வழக்கமா பிடிக்கிற இடத்துலதான்.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “ஆட்டம் சூடு பிடிச்சா கை மேல ஏறிடுது. நான் ஏத்துறதில்ல.”

தவ்கே தோலை உரித்துவிட்டு வெள்ளை நாடாவைச் சுற்றினார். தானியேலின் வலது உள்ளங்கையில் நீலப்பொடியைத் தடவினார். அவர் வெளியே நின்று வீசினார். தவ்கே மழையைப் பற்றிப் பேசினார். நான் உள்ளேயிருந்து பார்த்தேன். கை அடியில்தான் இருந்தது. மட்டையைத் திரும்ப வாங்கி தவ்கே விளக்குப் பக்கம் திருப்பினார். அடியில் லேசான ஒரு நீலத் தேய்ப்பு. மேலே, தண்டுக்குக் கீழே, அழுத்தமாக ஒரு கை. விரல்கள் சுற்றியிருந்த திசையைப் பார்த்தேன். அது இடக்கை.

இன்றைக்கும் நான் பார்த்தது சரிதானா என்று எனக்குச் சந்தேகம் வருவதுண்டு. பொடி தேய்ந்து பரவினால் எப்படி வேண்டுமானாலும் தெரியும். உறுதிப்படுத்திக்கொள்ள வழியில்லாமல் தவ்கே ஈரத்துணியால் அதைத் துடைத்துவிட்டார். தானியேல் உள்ளே வரும்போது நாடா வெறும் ஈரமாக இருந்தது.

“நாளைக்கு நாங்க வந்து ஆட்டத்தப் பாக்கிறோம் தம்பி” என்றார் தவ்கே. தோலை மறுபடி சுற்றிக் கொடுத்தோம்.

மறுநாள் வெயில் சாய்ந்ததும் இருவரும் போனோம். ஆடுகளம் குவார்ட்டர்ஸுக்கு எதிரேதான். சாமுவேல் வீட்டு ஜன்னல் பலகைக் கதவுகள் சாத்தியிருந்தன. ஆனால் கதவின் குறுக்குப் பலகைகள் இடுக்கு தெரியும்படி திருப்பிவைக்கப்பட்டிருந்தன, உள்ளே யாரோ உட்கார்ந்திருந்தார்கள். வெள்ளைச் சேலையின் ஓரம் தெரிந்தது.

முதலில் தானியேல் அவருடைய ஆட்டத்தைத்தான் ஆடினார். பின்னால் நின்று ஓங்கி ஓங்கி அடித்தார். பிறகு பந்து தொடர்ந்து போய்வரத் தொடங்கியதும் கை நகர்ந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே நகர்ந்தது என்று சொல்லமாட்டேன். ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் கண் பந்தின் பின்னால் போகுமல்லவா, திரும்பி வந்து பார்த்தால் கை கொஞ்சம் மேலே இருந்தது. இன்னொரு முறை பார்த்தால் இன்னும் மேலே. கையோடு ஆளும் முன்னால் வந்தார். கடைசியில் வலையோரம் நின்று, முழங்காலை லேசாக மடித்து, அண்ணன் நிற்பதுபோல நின்றார். ‘டக்’ என்று சத்தம் வந்தது. எதிர்ப்பக்கம் இருந்த சீனர் பந்தை எடுக்கக் குனியவில்லை. மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சற்று நேரம் தானியேலைப் பார்த்துக்கொண்டே நின்றார். சாமுவேலோடு நிறைய ஆடியவர் அவர்.

ஜன்னலுக்குள்ளிருந்து ஒரு கை வெளியே வந்து, பலகை இடுக்கை இன்னும் கொஞ்சம் அகலமாகத் திருப்பிவைத்தது.

ஆட்டம் முடிந்ததும் தவ்கே தானியேலை மரத்தடிக்குத் தனியே கூப்பிட்டார்.

“தம்பி, இந்த மட்டைய வச்சிடுங்க. நான் வேற மட்டை தரேன். காசு வேணாம்.”

தானியேல் தலையை ஆட்டினார். “வேணாம் தவ்கே. நீங்க நினைக்கிறது எனக்குப் புரியுது. எனக்கும் பயமாத்தான் இருக்கு. ஆனா அண்ணன் போனதிலிருந்து அண்ணி சரியா சாப்பிடல. ரெண்டு வாய் வச்சிட்டு எழுந்திடுவாங்க. இந்த மட்டைய எடுத்து ஆட ஆரம்பிச்ச அன்னைக்கு சாயங்காலம் அவங்களே சோறு போட்டுக்கிட்டு வந்து உக்காந்தாங்க. நான் ஒண்ணும் கேக்கல. அவங்களும் ஒண்ணும் சொல்லல. ஜன்னல்கிட்ட உக்காந்து கேக்கிறாங்க லா. அந்தச் சத்தம் வந்தா சாப்பிடுறாங்க.”

தவ்கே மட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அண்ணன் கைக்குக் கட்டுற மாதிரியே கட்டிக் குடுத்துடுங்க. அவிழாமலாவது இருக்கும்” என்றார் தானியேல்.

கட்டிக் கொடுத்தோம். இடக்கைத் திசையில் நான்தான் சுற்றினேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், நான் இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. ஈரத் தோல் தானாகவே கட்டையைத் தேடிப் படிந்தது. அதன்பின் அந்தப் பிடி அவிழவே இல்லை. வலக்கைக்காரர் ஒருவர் நாள் தவறாமல் ஆடுகிற மட்டை அது.

அவர்கள் பார்ட்டி ஜெயிக்கத் தொடங்கியது. தானியேலைப் பற்றித் தெருவில் பேசினார்கள். எனக்கு மட்டும் அவர் கடைக்குள் வரும்போதெல்லாம் ஏதோ ஒன்று உறுத்தியது. ஒருநாள் தலைவகிடு மறுபக்கம் மாறியிருந்தது. இன்னொரு நாள் தவ்கே வரவழைத்த காப்பிக் கோப்பையை இடது கையால் எடுத்தார். பிறகு ஒரு மத்தியானம், நான் குனிந்து நரம்பு இழுத்துக்கொண்டிருந்தேன். வாசலில் யாரோ வந்து நின்றார்கள்.

“என்ன செந்தூல், நரம்பு தளர்ந்துடுச்சே.”

நிமிர்ந்தால் தானியேல். எப்போதும் என்னை அண்ணே என்று கூப்பிடுகிறவர். முகத்தில் கேலி இல்லை, விளையாட்டும் இல்லை. அப்படிக் கூப்பிட்டது அவருக்கே தெரிந்ததாகத் தோன்றவில்லை. என் கையிலிருந்த நரம்பு நழுவிப்போய், கட்டியதெல்லாம் தளர்ந்துவிட்டது. தவ்கே மேசைக்குப் பின்னால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

அடுத்த திங்கட்கிழமை காலை, தானியேல் ஆபீஸுக்குப் போயிருக்கும் நேரத்தில், கிரேஸ் கடைக்கு வந்தார். மட்டையைத் துவாலையில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டிருந்தார். அதற்குமுன் அவர் கடைக்குள் வந்ததே இல்லை. தவ்கே நாற்காலியை இழுத்துப் போட்டார். அவர் உட்காரவில்லை.

“ஐயா, இதுல தோல எந்தக் கைக்குச் சுத்தியிருக்கீங்க?”

“இடது கைக்கும்மா.”

“தம்பி கேட்டானா?”

“ஆமா. உங்களுக்காகன்னு கேட்டாரு.”

கிரேஸ் துவாலையைப் பிரித்தார். இடது கையால் பிடியை எடுத்தார். விரல்கள் தயங்காமல் நேராக மேலே போய் நின்றன. “இந்த இடம். கல்யாணமான புதுசுல வீட்டுப் பின்னால வச்சு எனக்கு சொல்லிக்குடுத்தாரு. கீழ பிடிச்சா கையத் தட்டிவிடுவாரு.” மட்டையை மேசைமேல் வைத்தார். “பொய் சொல்லக்கூடாது, எனக்கு முதல்ல சந்தோஷமாத்தான் இருந்துச்சு. ஜன்னலச் சாத்திக்கிட்டு உக்காந்து கேட்டேன். ஆள் இல்லன்னாலும் சத்தமாவது இருக்கேன்னு இருந்துச்சு. ஆனா தம்பி அடிக்கிற சத்தம் வேற. பின்னால நின்னு ஓங்கி அடிப்பான், வீட்டுல தட்டு அதிரும். நான் திட்டியிருக்கேன். அந்தச் சத்தம் இப்ப வர்றதே இல்ல ஐயா. முந்தாநாள் ஆட்டம் பூரா அது ஒரு தடவையாவது வருமான்னு காத்துக்கிட்டு இருந்தேன். வரல.”

தவ்கே, “உக்காருங்கம்மா” என்றார்.

“நேத்து மத்தியானம் கோயில் முடிஞ்சு வந்து சாப்பிட உக்காந்தான். தட்டுல இடது கைய வச்சான். நான் பாத்துக்கிட்டே நின்னேன். ‘கிரேஸ், ரசம் ஊத்து’ன்னான்.”

எங்கள் மக்களில் கொழுந்தன் அண்ணியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது என்றால் என்ன என்று நான் விளக்க வேண்டியதில்லை.

“இதுவரைக்கும் அண்ணின்னுதான் கூப்பிட்டிருக்கான். மரியாதை தெரியாத பையன் இல்ல. நான் ரசத்த ஊத்துனேன். ஊத்திட்டு உள்ள போய்க் கதவச் சாத்திக்கிட்டேன். ஒருத்தரக் குடுத்துட்டேன் ஐயா. அதுக்குப் பதிலா அந்தப் பிள்ளைய நான் வாங்கிக்கக் கூடாது. ஊருல அவங்க அம்மா இருக்காங்க. அவங்களுக்கு நான் என்ன சொல்றது? இதக் கழட்டிடுங்க. புதுத் தோல் போட்டு தம்பி கைக்குக் கட்டுங்க.”

தவ்கே என்னைப் பார்த்தார். நான் ஆணியை நெம்பினேன். வஜ்ஜிரம் பிடித்த தோல் உரிக்கும்போது சத்தமிடும். இது சத்தமில்லாமல் வந்தது. உரித்த தோலை மேசைமேல் நீளமாகப் போட்டேன். பழைய தோல் கொஞ்சம் சுருளும், எனக்குத் தெரியாததல்ல. ஆனால் இது நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெதுவாகத் திரும்பி, நடுவில் ஒரு கட்டை இருப்பதுபோல, வெறும் காற்றைச் சுற்றி இடப்பக்கமாகச் சுருண்டு நின்றது. தவ்கே அதைத் தொடவில்லை.

“எரிச்சிடலாம்மா” என்றார்.

“வேணாம். எங்கிட்ட குடுங்க.”

“வீட்டுல வச்சிருக்கிறது நல்லதில்ல.”

“எங்கிட்ட குடுங்க ஐயா” என்றார் மறுபடி. குரல் உயரவில்லை. துவாலையை விரித்துக் காட்டினார். நான் அதில் தோலை வைத்தேன். அது கை வெப்பத்தில் இருந்தது. இப்போதுதான் யாரோ பிடித்து விட்டதுபோல.

கட்டையை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புதுத் தோலை வலக்கைத் திசையில் சுற்றிக் கொடுத்தேன். கிரேஸ் அதுவரை நின்றுகொண்டே இருந்தார்.

தானியேல் மறுநாள் ஆபீஸ் விட்டதும் வந்தார். கோபமாகத்தான் வந்தார்.

“யார் இதக் கழட்டச் சொன்னது?”

“உங்க அண்ணி” என்றார் தவ்கே.

தவ்கே மட்டையை அவர் கையில் கொடுத்து, வெளியே காட்டினார். அவர் அஞ்சடியில் நின்று வீசினார். முதலில் மெதுவாக, பிறகு வேகமாக, பிறகு ஆத்திரத்தோடு வீசினார். தெருவில் போனவர்கள் விலகிப் போனார்கள். தவ்கே இந்த முறை பேச்சுக் கொடுக்கவில்லை. கை அடியிலேயே இருந்தது. வீசி வீசிக் களைத்து, மட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டு, பகல் தூக்கத்திலிருந்து எழுந்தவர்போல சுற்றிலும் பார்த்தார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

“அண்ணே, ஒரு கிளாஸ் தண்ணி குடுங்க” என்றார் என்னிடம்.

கொடுத்தேன். வலது கையால் வாங்கிக் குடித்தார்.

அந்த வருடப் போட்டியில் அவர்கள் பார்ட்டி சீக்கிரமே தோற்று வெளியேறியது. முன்வரிசைக்கு ஆள் இல்லை. ஆனால் அன்றைக்கு நானும் போயிருந்தேன். தானியேல் பின்னால் நின்று அடித்த அடி தெருமுனைவரை கேட்டது. எதிர்வீட்டு ஜன்னல் கதவுகள் முழுக்கத் திறந்திருந்தன. கிரேஸ் வெளிப்படையாக நின்று பார்த்தார்.

பிறகு தானியேலுக்குக் கல்யாணமாயிற்று. கிரேஸ் கிள்ளானில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை கிடைத்துப் போய்விட்டார். குவார்ட்டர்ஸுக்கு வேறு குடும்பம் வந்தது. தவ்கே அந்தப் பேச்சை ஒருநாளும் எடுத்ததில்லை, நானும் எடுத்ததில்லை. நீலப்பொடிக் கிண்ணத்தை மட்டும் அவர் அதன்பின் வெளியே எடுக்கவில்லை. வருகிறவர்களிடம் “எங்க பிடிப்பீங்க?” என்று வாயால் கேட்கத் தொடங்கினார். அவர்கள் சொல்வதை அப்படியே நம்பிக் கட்டிக்கொடுத்தார்.

சில வருடங்கள் கழித்து, அந்தப் பள்ளிக்கூடத்து மட்டைகளுக்கு நரம்பு மாற்ற வேண்டும் என்று கிள்ளானிலிருந்து ஆள் வந்தது. தவ்கே என்னை அனுப்பினார். நான் போய்ச் சேரும்போது மத்தியானம் பள்ளி விட்டுப் பிள்ளைகள் போய்விட்டிருந்தார்கள். காவல்காரர் மட்டைகளைக் கட்டாகக் கட்டிக் கொடுத்தார். கட்டடத்துக்குப் பின்னாலிருந்து சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன்.

கிரேஸ் தனியாகச் சுவரில் பந்து அடித்துக்கொண்டிருந்தார். அதே வெள்ளைச் சேலை, முந்தானையை இழுத்துச் செருகியிருந்தார். முகம் சதைபிடித்து நன்றாக இருந்தது. மட்டை இடது கையில் இருந்தது. கை தண்டையொட்டி மேலே, அடியில் நாலு விரல் அகலத்துக்குப் பிடி வெறுமனே நீட்டிக்கொண்டிருந்தது. மட்டை புதிது. பிடியில் சுற்றியிருந்த தோல் புதிதல்ல.

என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டுச் சிரித்தார். தானியேல் வீட்டைப் பற்றி, என் பிள்ளைகளைப் பற்றி விசாரித்தார். நான் பதில் சொன்னேன். கண் மட்டும் அந்தப் பிடியிலேயே இருந்தது. யார் சுற்றியது என்று தெரியவில்லை. எங்கள் கடையில்கூட அவ்வளவு சுத்தமாகச் சுற்றமாட்டோம்.

“அம்மா, அந்தத் தோல் ரொம்பப் பழசு. புதுசு போட்டுக் கட்டித் தரட்டுமா? நான் கையோட தோல் கொண்டாந்திருக்கேன்” என்றேன்.

“வேணாங்க.”

“அன்னைக்கு நீங்கதான கழட்டச் சொன்னீங்க…”

கிரேஸ் மட்டையை மார்போடு சேர்த்துக்கொண்டார். “தம்பிக்கு வேணாம்னு சொன்னேன். எனக்கு வேணாம்னு எப்ப சொன்னேன்?”

விடைபெற்றுக்கொண்டு மட்டைக் கட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு வாசல் பக்கம் நடந்தேன். பின்னால் ஆட்டம் மறுபடி தொடங்கியது. சுவரில் அடிக்கிறவருக்கு நரம்பின் சத்தம் ஒன்று, சுவரின் சத்தம் ஒன்று என்று மாறி மாறி வரும். காரைச் சுவரில் இறகுப்பந்து படுகிற சத்தம் மொட்டையாக இருக்கும். அந்த வேறுபாடு என் காதுக்குத் தெரியும், அதுதான் என் தொழில். நான் வாசலைத் தாண்டும்வரை கேட்டது ‘டக்’ என்று ஒன்று, அதற்குப் பதிலாக ‘டக்’ என்று இன்னொன்று. இரண்டுமே நரம்பு.